மார்பகத்தைக் காப்பதா, முழுவதும் அகற்றுவதா: தொடக்கநிலைப் புற்றுநோயில் இரு சிகிச்சைகள்

மார்பகப் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டால், பெரும்பாலும் மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்வார். கட்டியையும் அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவில் சிறிதளவையும் மட்டும் எடுத்துவிட்டு, எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது முதல் வழி. இந்த அறுவையை லம்பெக்டமி என்பார்கள். மார்பகம் முழுவதையும் எடுத்துவிடும் மாஸ்டெக்டமி இரண்டாவது வழி. என் அக்காவுக்கு நோய் உறுதியான அன்று, “எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுக்கா, நிம்மதியா இருக்கலாம்” என்று நான்தான் முதலில் சொன்னேன். அன்பினால் சொன்னதுதான் என்றாலும், அதற்கு அடியில் இருந்த கணக்கு தவறு என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கணக்கு மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் கோலோச்சியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். எவ்வளவு கூடுதலாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்டோ வெரொனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகள்தான் அதை அசைத்தன. இருவருடைய 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. கட்டி 2 செ.மீ.க்கு மிகாத 701 பெண்கள் பங்கேற்ற மிலான் ஆய்வில், எந்தக் காரணத்தாலும் இறந்தவர்களின் விகிதம் மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களில் 41.7 சதவீதம், முழுதாக அகற்றிக்கொண்டவர்களில் 41.2 சதவீதம். அதாவது, உயிர் பிழைப்பதில் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

வேறுபாடு தெரிவது நோய் அதே இடத்தில் திரும்புவதில். அதே ஆய்வில் மார்பகத்தைக் காத்துக்கொண்ட 352 பேரில் 30 பேருக்கும், அகற்றிக்கொண்ட 349 பேரில் 8 பேருக்கும் அப்படித் திரும்பியது. இந்த எண்களைப் பார்த்ததும் பயம் வருவது இயல்பே. ஆனால் மார்பகத்துக்குள் திரும்பும் நோயை மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் பிடித்து, அப்போது மார்பகத்தை அகற்ற வழியிருக்கிறது. உயிருக்கு உலை வைப்பது எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும் நோய். அதைத் தடுக்கும் பொறுப்பு கீமோவுக்கும் ஹார்மோன் மாத்திரைகளுக்கும் உரியது, அவை இரண்டு வழியிலும் நோயின் தன்மையைப் பொறுத்தே தரப்படுகின்றன. மேலும், முழுதாக எடுத்த பின்னரும் தழும்பையொட்டிய தோலிலோ நெஞ்சுச் சுவரிலோ நோய் திரும்பும் சிறு வாய்ப்பு உண்டு.

கதிர்வீச்சை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் ஃபிஷரின் ஆய்வைப் பார்க்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு 20 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதம்தான். இன்றைய சிகிச்சையில் இரண்டுமே குறைந்திருக்கின்றன. வயது முதிர்ந்து, கட்டி சிறியதாகவும் ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படுவதாகவும் இருக்கும் சிலருக்கு மருத்துவர்களே கதிர்வீச்சைத் தவிர்ப்பதும் உண்டு. மற்றவர்களுக்கு இது லம்பெக்டமியின் பிரிக்க முடியாத பாதி. முன்பு ஐந்து வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. இப்போது பலருக்கு மூன்று வாரத்திலும், சிலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையிலும் முடிந்துவிடுகிறது. தோல் கருத்து எரியும், சோர்வு தட்டும், மார்பகம் பின்னாளில் சற்றுச் சுருங்கி இறுகலாம்.

லம்பெக்டமியின் இன்னொரு சங்கடத்தை அக்கா அனுபவித்தாள். எடுத்த திசுவின் விளிம்பில் புற்றணுக்கள் தென்படக்கூடாது, அவளுக்குத் தென்பட்டன. ஒரே அறுவையோடு முடியும் என்று நம்பியிருந்தவள் மூன்றாவது வாரத்தில் மறுபடியும் அறுவை அரங்குக்குப் போனாள். இது அரிதல்ல என்பதை முன்கூட்டியே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் அன்றைய அழுகை பாதியாவது குறைந்திருக்கும்.

அடுத்த கட்டிலில் இருந்த பெண்மணி முழுதாக அகற்றிக்கொண்டவர். அவருடைய நெஞ்சிலிருந்து வந்த மெல்லிய குழாயின் நுனியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குமிழ் தொங்கியது. மகள் காலையும் மாலையும் அதிலிருந்த இளஞ்சிவப்பு நீரை அளவுக் குவளையில் ஊற்றி, மில்லிலிட்டரைத் தாளில் குறித்துவிட்டு, குமிழை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவாள். ஒரு நாளின் அளவு 30 மி.லி.க்குக் கீழே இறங்கும்வரை குழாயை எடுக்க மாட்டார்கள் என்பதால், வீட்டுக்குப் போகும்போதும் அது கூடவே போயிற்று. நெஞ்சின் மரமரப்பு பலருக்கு நெடுங்காலம் நீடிக்கும். மார்பகத்தை மறுசீரமைக்க விரும்பினால், சிலிகோன் பொருத்தியோ வயிற்றுத் திசுவை எடுத்தோ செய்யலாம். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை தேவைப்படும்.

கதிர்வீச்சுக்குப் பயந்து மாஸ்டெக்டமியைத் தேர்பவர்கள் ஒன்றை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்: கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குள் கணுக்களில் நோய் பரவியிருந்தாலோ, அகற்றிய பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம். அறுவைக்குப் பின் சிலருக்கு வரும் கை வீக்கமும் அப்படித்தான், இரண்டு வழியிலும் வரலாம். அதைப் பெரிதும் தீர்மானிப்பது அக்குளில் எத்தனை கணுக்களை எடுக்கிறார்கள் என்பதே.

எல்லோருக்கும் இந்தத் தேர்வு கிடைப்பதில்லை. மார்பகத்தின் பல பகுதிகளில் நோய் இருந்தால், அதே இடத்தில் முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தால், விளிம்பு எவ்வளவு முயன்றும் சுத்தமாகாவிட்டால் முழுதாக அகற்றுவதே பெரும்பாலும் வழி. பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இரு மார்பகங்களிலும் புதிதாக நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்கள் கணக்கே வேறு.

இரண்டும் இயலும் நிலையில் நான் மார்பகத்தைக் காக்கும் பக்கமே சாய்கிறேன். காத்ததைப் பின்னர் அகற்றலாம், அகற்றியதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் எஞ்சிய மார்பகத்தை நினைத்து ஒவ்வோர் இரவும் விழித்திருக்கப் போகும் ஒருத்தியிடம் இந்த வாதத்தை வைத்து நான் வற்புறுத்த மாட்டேன்.

ஆண்டுதோறும் மாமோகிராமுக்கு முந்தைய வாரம் அக்காவுக்குச் சரியான தூக்கமில்லை. சென்ற முறை காத்திருப்பு வரிசையில் அந்த அடுத்த கட்டில் பெண்மணியும் உட்கார்ந்திருந்தார். மறுபக்க மார்பகத்துக்காக அவரும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறார்.