திருக்கை முள்ளுக்கு போட்ட லிக்னோகெய்ன் மரப்பு ஊசி: 5க்கு 4

போன மாசம் மண்டபம் தென்கடல் பக்கம் கரவலை இழுக்கையில திருக்கைய மிதிச்சுட்டேன். பெருவிரலுக்கு கீழ முள்ளு ஏறி நுனி உள்ளயே முறிஞ்சு நின்னுருச்சு, கடுப்புன்னா அப்படி ஒரு கடுப்பு, தொடை வரைக்கும் இழுக்குது. பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல கால முக்கி வச்சதும் கொஞ்சம் அடங்குச்சு, திருக்கை விஷம் சூட்டுக்கு வீரியம் கொறைஞ்சுரும். ஆனா முள்ள எடுக்கணும்ல.

முதல்ல போன க்ளினிக்ல ஊசி போட்ட கையோட கத்திய வச்சுட்டாங்க. நான் போட்ட கூப்பாட்டுல வெளிய டோக்கனோட இருந்தவங்கல்லாம் எந்திரிச்சுட்டாங்க. மருந்தே டூப்ளிகேட்னு நெனச்சு மச்சான் பைக்ல ராமநாதபுரம் போனா, அங்க டாக்டரம்மா எடுத்ததும் அதே லிக்னோகெய்ன் 2%தான்! முன்னாடி எவ்வளவு போட்டாங்கன்னு போன் போட்டு கேட்டாங்க, ஏன்னா ஒடம்பு எடைக்கு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதாம், மீறுனா வாயச்சுத்தி மரத்து காது இரைஞ்சு வலிப்பு வரைக்கும் போகலாமாம்.

போட்டுட்டு அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்தாங்க. அப்பறம் ஊசி நுனியால லேசா குத்தி "குத்துதா தம்பி?"ன்னாங்க. அமுக்குறது தெரியுது மேடம், வலி இல்லன்னேன். நரம்புல சோடியம் நுழையுற வாசல இந்த மருந்து அடைச்சுருமாம், வலி சேதி மேல போகாது. முள்ளு வெளிய வந்துச்சு, ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல்லு, நான் எட்டி பாத்துட்டே இருக்கேன்.

1943ல ஸ்வீடன்ல கண்டுபுடிச்ச மருந்து இது, லிடோகெய்ன்னாலும் இதேதான். எங்கப்பாவுக்கு யூரின் ட்யூப் போட்டப்ப தடவுன ஜெல்லியும் இதுதான்னு அன்னைக்குத்தான் தெரியும், இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுனா ரத்தக்குழாய் வழியாவும் ஏத்துவாங்களாம். ஆனா எனக்கு சீழ் வச்ச கடவாப்பல்லு புடுங்கையில சரியா கேக்கல, சீழ் இருக்க எடத்துல அமிலம் ஜாஸ்தி, அதனால மருந்து சரியா உள்ள எறங்காதுன்னாங்க.

ஒரு மார்க் கொறைச்சது ஊசி ஏறுறப்ப தீயா எரியுறதுக்கு. க்ளினிக்குக்கு மார்க்கே இல்ல.

மரப்பு போக ஒன்றரை மணி நேரம் ஆச்சு. திரும்பி வர்றப்ப உச்சிப்புளியில டீ குடிக்கையில கால்ல இருந்த செருப்பு, மண்டபத்துல எறங்கி பாத்தா இல்ல, எங்க விழுந்துச்சுன்னே தெரியல.