ஓய்வுக்காலக் குடியிருப்பில் சாப்பாடும் சேர்ந்து வாழ்தலும்: ஒரு நீண்டகால அனுபவம்

நானும் என் கணவரும் கோவையின் புறநகரில் உள்ள ஓர் ஓய்வுக்காலக் குடியிருப்பில் கொரோனாவுக்கு முன்பிருந்தே வசித்து வருகிறோம். பிள்ளைகள் ஒருவர் வெளிநாட்டிலும் ஒருவர் வெளிமாநிலத்திலும் இருக்க, சமையலையும் வீட்டு வேலையையும் மருத்துவமனை அலைச்சலையும் இருவராகச் சமாளிக்க முடியாது என்று தோன்றியபோது இங்கு வந்து சேர்ந்தோம். இத்தகைய குடியிருப்புகளைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் வீட்டின் பரப்பளவையும், முன்பணத்தையும், மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றி மட்டும் "நன்றாக இருக்குமா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கு வாழும் முதியவரின் உடல்நலம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கூடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் அனுபவம். தட்டில் என்ன விழுகிறது என்பதைப் போலவே, யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், என்ன சமைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பவையும் அதில் அடங்கும்.

இங்கு சமையலை நடத்துவது ஒரு கேட்டரிங் ஒப்பந்ததாரர், சைவம் மட்டுமே. நாங்கள் குடிவந்த காலத்தில் இருந்த ஒப்பந்ததாரர் கல்யாண வீட்டுச் சமையலையே தினமும் செய்தார். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் நெய் மிதக்கும் பொங்கல், மதியம் மலைபோல் சோறு, மாலையில் பஜ்ஜியோ போண்டாவோ, இரவில் மீண்டும் இட்லி, தோசை என்று நாள் முழுவதும் மாவுச்சத்தும் எண்ணெயுமாகவே போனது. பொரித்த எண்ணெயை மறுநாளும் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் குடியிருப்போர் சங்கம் விழித்துக்கொண்டது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது சிதைந்து உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டிப் பேசிய பிறகும் மாற்றம் வராததால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்தச் சமயத்தில் அமைக்கப்பட்டதுதான் எங்கள் உணவுக் குழு. குடியிருப்பவர்களில் ஐந்தாறு பேர், சமையல் மாஸ்டர், நிர்வாகத்திலிருந்து ஒருவர் என மாதம் இருமுறை உட்கார்ந்து, அடுத்த இரண்டு வாரத்துக்கான பட்டியலை வரிவரியாகப் பேசி முடிவு செய்வார்கள்.

நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் குழுவின் முதல் வேலைகளில் ஒன்று என் தலையில் விழுந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைகளை எங்கள் தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 2024-ல் வெளிவந்த அவர்களுடைய வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவில் தானியம் 250 கிராம் இருந்தால் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் இருக்க வேண்டும். எங்கள் தட்டில் இந்த விகிதம் தலைகீழாக இருந்தது. சோற்றின் அளவைக் குறைத்தால் சண்டை வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். மாஸ்டர் ஒரு வழி சொன்னார்: பரிமாறும் வரிசையில் சோற்றைக் கடைசிக்குக் கொண்டு போய், முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்துவிடலாம் என்றார். தட்டில் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் சோறு தானாகக் குறைந்தது. ஒருவரும் புகார் எழுதவில்லை.

புரதம்தான் இன்னும் பெரிய சிக்கலாக இருந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பெரியவர்களுக்கான பரிந்துரை. முதுமையில் தசை கரைவதைத் தடுக்க ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று புரோட்-ஏஜ் என்ற வல்லுநர் குழு 2013-ல் சொன்னது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம் வரை வருகிறது. இட்லி, சாம்பார், தயிர், சப்பாத்தி என்று போகிற ஒரு சைவ நாளில் 50 கிராமைத் தொடுவதே கடினம். இதற்கு விடை எங்கள் நவராத்திரிக் கொலுவில் கிடைத்தது. ஒன்பது நாளும் மாலையில் சுண்டல் கொடுத்தபோது, பஜ்ஜி இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. விஜயதசமி முடிந்த பிறகும் அதையே தொடர்ந்தால் என்ன என்று ஓர் அம்மா கேட்டார். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து மாலை கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று மாறி மாறி வருகிறது. ஊறவைக்கும் முன் 30 கிராம் எடையுள்ள காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் கிடைக்கிறது. பல்செட் போட்டவர்களுக்கு அதையே நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துத் தருகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உப்பைக் குறைப்பதற்குப் பல மாதங்கள் ஆயின. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடுவதால், உப்பு சரியாக இருந்தாலும் "சப்பென்று இருக்கிறது" என்றுதான் தோன்றும். ஆகவே ஒரேயடியாகக் குறைக்காமல் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த இடத்தில் மிளகையும் எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கூட்டினார்கள். மேசைமீது இருந்த உப்புக் கிண்ணம் பரிமாறும் இடத்துக்குப் போனது. வேண்டுமென்றால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம். ஊறுகாயும் அப்பளமும் ஞாயிறு, வியாழன் மட்டும் என்று ஆயின. தாகம் தெரியாமலே நீர்ச்சத்து குறைந்துவிடும் வயது இது என்பதால் காலை பதினொரு மணிக்கு நீர்மோர் வருகிறது. அதை ஒரு தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்கு வீடு கொண்டு வருகிறார்கள்.

பொதுச் சமையலில் தனி மனிதரின் நோய்க்கு எப்படி இடம் கொடுப்பது என்பதில் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுத்துவரும் சைவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், வாரம் ஒருமுறை வரும் மருத்துவர் அதைச் சோதிக்கச் சொல்கிறார். இவற்றை எல்லாம் மாஸ்டரின் நினைவில் விட்டுவைக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பெயர் இல்லாமல் வீட்டு எண் மட்டும் இருக்கும்.

காலை ஒன்பதரை மணிக்குச் சமையலறைக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தால்தான் இந்த இடத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியும். நீள மேசையில் அரைக்கீரைக் கட்டுகள் பிரித்துக் கிடக்கும். ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் அவரைக்காய்க்கு நார் எடுப்பார், இருவர் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். கைநடுக்கம் உள்ள ஒரு பெரியவர் பட்டாணி மட்டும் உரிப்பார். அவருக்கென்றே ஓர் அகலமான கிண்ணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது கட்டாயமான வேலை அன்று, இதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடியும் கிடையாது. இருந்தாலும் வருகிறார்கள். "இன்றைக்கு என் கீரை" என்று மதியம் சாப்பிடும்போது சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு இருக்கும் பெருமையை நான் பெரிதும் மதிக்கிறேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவருக்குச் சமைத்துப் போட்ட பெண்களுக்கு, உட்காரவைத்துச் சோறு போடுவது மட்டும் போதாது.

ஊர் ருசியும் இங்கே பெரிய விஷயம். பாலக்காட்டுக்காரர்களுக்குத் தேங்காய் வேண்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெருங்காயம் தூக்கலாக இருக்க வேண்டும். எங்கள் கொங்கு நாட்டவருக்குக் கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் அரிசிம்பருப்பும் இல்லாவிட்டால் வாரம் நிறையாது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டை ஒவ்வோர் ஊர்க்காரரிடமும் ஒப்படைத்ததில் இந்த இழுபறி நல்லவிதமாகத் தீர்ந்தது. அவர்கள் சமையலறைக்குள் போய் மாஸ்டருக்குப் பக்குவம் சொல்லித் தருகிறார்கள். மற்றவர்களும் அதைப் பேசிப் பேசிச் சாப்பிடுகிறார்கள்.

சேர்ந்து சாப்பிடுவதன் மதிப்பு எங்களுக்கு 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது. சாப்பாட்டுக்கூடம் மூடப்பட்டது. அதே மாஸ்டர், அதே பட்டியல், அதே ருசி. டிபன் கேரியரில் வாசலுக்கு வந்தது. ஆனால் கேரியர்கள் பாதி நிறைந்தபடியே திரும்பின. தனியாக இருப்பவர்கள்தான் அதிகம் மீதி வைத்தார்கள். மதியச் சாப்பாட்டையே இரவுக்கும் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மாதாந்திரப் பரிசோதனையில் அவர்களில் பலரின் எடை இறங்கியிருந்தது. கூடம் மறுபடி திறந்த பிறகு, மேசைக்கு இருவர் என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்தபோதும்கூட, தட்டுகள் காலியாகத் தொடங்கின.

மனைவியை இழந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகும் கேரியரையே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கூடத்துக்கு வந்தால் அவர்கள் இருவரும் உட்கார்ந்த மேசை கண்ணில் படும் என்பதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. சீட்டாடும் நண்பர்கள் நால்வர் தங்கள் கேரியர்களையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மழைக்காலம் வந்து திண்ணையில் உட்கார முடியாமல் போனபோது ஐவருமாகக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். வேறு மேசை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. காலைச் சிற்றுண்டி எட்டு மணிக்குத்தான். பதின்மூன்று மணி நேர இடைவெளி இன்சுலின் போடுபவர்களுக்கு நல்லதன்று. பணியாளர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் ஒன்பது மணிக்கு ஒரு தம்ளர் பால் தருவதற்கு நாங்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. முட்டைக்கு இன்னும் அனுமதி இல்லை. வாழ்நாள் முழுவதும் மீனும் கறியும் சாப்பிட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து வெளியே போகிறார்கள், நடக்க முடியாதவர்களுக்கு அந்த வழியும் இல்லை. உணவுக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது. நிலையான ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு இது உண்மையான சுமை. படுக்கையில் இருப்பவர்களின் பராமரிப்புப் பிரிவில் ஊட்டிவிடும் பணிப்பெண்கள் போதாமல், அவசர அவசரமாக ஊட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு அப்படி ஊட்டினால் புரையேறி நுரையீரல்வரை பாதிக்கலாம். சில மாதங்களாக எங்களில் சிலர் முறை வைத்து மதிய வேளையில் அங்கே போய் உட்காருகிறோம். ஆனால் இது நிர்வாகம் ஆள் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் ஒரு வேளை விருந்துச் சாப்பாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு வாரமாவது தங்கிப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை கேரியர்கள் வீடுகளுக்குப் போகின்றன என்று கவனியுங்கள். அவை அதிகமாக இருந்தால் காரணத்தை விசாரியுங்கள். தனியாக வரும் புதியவரை எந்த மேசையாவது கூப்பிட்டு உட்காரவைக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புப் பிரிவுக்கு மதியம் பன்னிரண்டரை மணிக்குப் போய், ஊட்டிவிடுபவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று நின்று பாருங்கள். உணவுக் குழு இருக்கிறது என்று சொன்னால் அதன் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே என்ன செய்தார்கள், எந்தத் தேதியில் செய்தார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.