எஸ்எஸ்எல் பில்லுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகச் சர்வர் எடுத்து, கடைக்கோ சிறுதொழிலுக்கோ இணையதளம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கவும் (அதுதான் மறையாக்கம்), தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டவும் உதவுவது எஸ்எஸ்எல் சான்றிதழ். "எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டுத் தருகிறோம், வருடத்துக்கு இவ்வளவு" என்று யாராவது கேட்டால், பணம் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால், வேறு யார் வந்து செய்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

அண்ணனும் அண்ணியும் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். வெளியூர் ஆர்டருக்காக ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில் தளம் வைத்தார்கள். தளம் செய்து கொடுத்தவர்களே சர்வரையும் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஜூலையில் அவர்கள் அனுப்பிய பில் இப்போது என் கையில் இருக்கிறது. எஸ்எஸ்எல் சான்றிதழ், 1 ஆண்டு: ரூ.4,000. நிறுவும் கட்டணம்: ரூ.1,500. ஜிஎஸ்டி 18 சதவீதம்: ரூ.990. மொத்தம் ரூ.6,490. அண்ணி அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின வாரம், தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை வந்தது. இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல, உள்ளே போகாதீர்கள் என்று பிரவுசரே தடுத்தது. வருடத்திலேயே அதிக ஆர்டர் வரும் வாரம் அது. வந்தவர்கள் திரும்பிப் போனது ஒரு பக்கம். வாட்ஸப்பில் அனுப்பியிருந்த பேமென்ட் லிங்க் வழியாகப் பணம் கட்டியவர்கள் பாடு இன்னும் மோசம். பணம் வந்ததும் பேமென்ட் கேட்வே எங்கள் சர்வரை அழைத்து "இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது" என்று தகவல் கொடுக்கும். சான்றிதழ் காலாவதியான சர்வரோடு அது பேச மறுத்துவிட்டது. அதனால் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், எங்கள் பட்டியலில் "பணம் வரவில்லை" என்றே நிற்கும். அண்ணி பேங்க் ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டராகப் போனில் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தார். நல்லெண்ணெய் கேட்டு முன்பணம் கட்டிய ஒரு பாட்டி, "ஏமாத்திப்போட்டீங்களா கண்ணு?" என்று கேட்டதை அண்ணியால் இன்னும் மறக்க முடியவில்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டால் வந்த பதில்: "மேடம், உங்க சர்டிஃபிகேட் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ரினியூவல் சார்ஜ் கட்டினா உடனே போட்டுடலாம்."

"ஒரு வருசத்துக்குன்னு தானுங்க தம்பி பில்லு போட்டீங்க?"

"அது மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறுங்க மேடம். சர்வர்ல அப்படித்தான் வரும்."

அப்புறம்தான் அண்ணி என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் பார்த்தது சான்றிதழைத்தான். நீங்களும் இப்போதே உங்கள் தளத்துக்குப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, இணைப்பு விவரத்துக்குள் போனால் சான்றிதழ் திறக்கும். யார் வழங்கினார்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். எங்களுடையதில் வழங்கியவர் லெட்ஸ் என்கிரிப்ட். செல்லுபடிக் காலம் 90 நாள். லெட்ஸ் என்கிரிப்ட் என்பது ஐஎஸ்ஆர்ஜி என்ற லாபநோக்கமற்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சேவை. மொசில்லா, எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அன்றுமுதல் இன்றுவரை சான்றிதழுக்கு ஒரு பைசா வாங்குவதில்லை.

தாலுகா ஆபீசில் சும்மா கொடுக்கும் படிவத்தை வாசலில் உட்கார்ந்து ஐம்பது ரூபாய்க்கு விற்பது போன்ற வேலை இது. படிவத்தை நிரப்பித் தருகிறவருக்கு எழுதுகூலி கொடுப்பது நியாயம். சர்வரில் நுழைந்து சான்றிதழ் போடுவதும் வேலைதான். அதற்கு ரூ.1,500 கேட்டதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இல்லாத விலையைச் சான்றிதழின் மேல் ஏற்றி, மூன்று மாதப் பொருளை ஒரு வருடம் என்று எழுதி, அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக்கூடச் செய்யாமல் விட்டார்களே, அதுதான் மோசடி. அந்த ஏற்பாடு சான்றிதழ் எடுத்துத் தரும் இலவசக் கருவியோடு சேர்ந்தே வருகிறது. இவர்கள் வேறெங்கோ சான்றிதழ் எடுத்து, ஃபைலை மட்டும் எங்கள் சர்வரில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் அடிக்க அது வசதி.

அதைவிடப் பயப்பட வேண்டிய ஒன்று அண்ணியின் வாட்ஸப்பில் இருந்தது. சான்றிதழோடு பிரைவேட் கீ (அந்தச் சான்றிதழுக்குரிய ரகசியச் சாவி) ஃபைலையும் ஜிப் செய்து, "பேக்கப்புக்கு வச்சுக்கோங்க" என்று அனுப்பியிருந்தார்கள். சான்றிதழ் ஊரறியப் போவது. பிரைவேட் கீ அந்தச் சர்வரிலேயே உருவாகி, அந்தச் சர்வரை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டியது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் தளம் போலவே ஒன்றை நிறுத்தி, பிரவுசரையும் நம்பவைக்க முடியும். 2018 பிப்ரவரியில் டிரஸ்டிகோ என்ற சான்றிதழ் விற்பனை நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் சுமார் 23,000 பிரைவேட் கீகளை மின்னஞ்சலில், சான்றிதழ் வழங்கும் டிஜிசெர்ட் நிறுவனத்துக்கு அனுப்பியது. விற்றவர்களே கீகளைச் சேர்த்து வைத்திருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது. அத்தனை சான்றிதழ்களையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே, கீயை நாங்களே உருவாக்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி வந்த கீ உங்களிடம் இருந்தால், புதுக் கீயோடு சான்றிதழ் எடுத்துவிட்டு, பழைய சான்றிதழை ரத்து செய்துவிடுங்கள்.

நாங்கள் ரினியூவல் பணம் கட்டாமல் சண்டை போட்டதும், மறுநாள் "ஃப்ரீயாவே சரி பண்ணிட்டோம்" என்று மெசேஜ் வந்தது. தளமும் எச்சரிக்கை இல்லாமல் திறந்தது. ஆனால் சர்வரில் 443 போர்ட், அதாவது எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு நுழையும் வாசல், மூடிக் கிடந்தது! பார்ப்பவருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவைக்குப் பின்னால் தளத்தை வைத்து, அதில் ஃப்ளெக்சிபிள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதன்படி, வாடிக்கையாளரின் போனிலிருந்து கிளவுட்ஃபிளேர் வரை மறையாக்கம் உண்டு. அங்கிருந்து நம் சர்வர் வரை எல்லாம் திறந்த வெளியில், மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் போகும். பெயர், முகவரி, போன் நம்பர், அண்ணி உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் எல்லாம் அப்படித்தான். பார்ப்பவர் கண்ணுக்கு எச்டிடிபிஎஸ் என்றுதான் தெரியும், வித்தியாசமே தெரியாது. கிளவுட்ஃபிளேர் பயன்படுத்துவதில் தப்பில்லை. அதிலேயே ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு இருக்கிறது. சர்வரிலும் சரியான சான்றிதழ் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு விற்பனைப் பேச்சும் நடந்திருக்கிறது. ரூ.18,000 கட்டினால் ஈவி (நிறுவனத்தையும் சரிபார்த்துத் தரும்) சான்றிதழ், முகவரிப் பட்டியில் கம்பெனி பெயர் பச்சையில் வரும் என்று. வராது. 2019 செப்டம்பரில் குரோம் 77, அடுத்த மாதமே ஃபயர்பாக்ஸ் 70, இரண்டும் அதை எடுத்துவிட்டன. விலை கூடின சான்றிதழ் என்றால் மறையாக்கம் பலமாக இருக்கும் என்பதும் உண்மையில்லை. மறையாக்கத்தின் பலம் சர்வரின் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) அமைப்பைப் பொறுத்தது. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சாதாரணச் சான்றிதழ் சொல்லும். எண்ணெய்க் கடைக்கு அது போதும்.

சரி, நாங்கள் எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டொமைன் கணக்கும், அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்று பதியும் டிஎன்எஸ் கணக்கும் அண்ணன் பெயருக்கு, அண்ணன் மெயிலுக்கு வந்தன. இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது, இதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. சர்வரின் ரூட் அணுகலை (முழு அதிகாரம் உள்ள நுழைவு) வாங்கிக்கொண்டு, பழைய பாஸ்வேர்டுகளையும், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் கீகளையும் நீக்கினேன். சர்வரின் இயங்குதளமான உபுண்டுவும், தளத்தைப் பரிமாறும் மென்பொருளான என்ஜின்எக்ஸும் ஏற்கெனவே இருந்தன. நான் முன்பு சொன்ன இலவசக் கருவியான செர்ட்பாட்டை நிறுவி, டொமைன் பெயரைக் கொடுத்ததும், அதுவே கீ உருவாக்கி, சான்றிதழ் வாங்கி, என்ஜின்எக்ஸ் அமைப்பையும் திருத்திவிட்டது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

முடியாமல் போனால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. இந்த முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் டொமைனைச் சோதிக்க 80 போர்ட் (சாதாரண எச்டிடிபியின் வாசல்) வழியாக வரும். எச்டிடிபிஎஸ் வந்தாயிற்று என்று 80-ஐ மூடினால் இன்று தெரியாது, புதுப்பிக்கும் நாளில் தெரியும். சர்வரின் ஃபயர்வாலில் திறந்திருந்தும் கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் மூடியிருக்கும், இரண்டையும் பாருங்கள். அடுத்தது ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரி. டிஎன்எஸ்ஸில் அந்த முகவரியைப் பதியும் ஏஏஏஏ பதிவு, பழைய சர்வரைக் காட்டியபடி மறந்து கிடந்தால், சோதனை முதலில் அங்கேதான் போகும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. தோற்றுப்போனால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். தோல்விக்கும் உச்சவரம்பு உண்டு, ஒரே சான்றிதழை வாரத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் கொடுக்கவும் மாட்டார்கள். ஸ்டேஜிங் என்ற சோதனைத் தளத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

கம்ப்யூட்டரில் தளம் திறக்கிறது, சில ஆண்ட்ராய்டு போனில் மட்டும் எச்சரிக்கை வருகிறது என்றால், பெரும்பாலும் இடைநிலைச் சான்றிதழ் (உங்கள் சான்றிதழைப் பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். செர்ட்பாட் கொடுக்கும் ஃபைல்களில் ஃபுல்செயின் என்று பெயருள்ளதைத்தான் என்ஜின்எக்ஸில் காட்ட வேண்டும்.

சான்றிதழ் வந்ததோடு எழுந்துவிடாதீர்கள். புதுப்பித்தலுக்கு ட்ரை ரன் என்ற ஒத்திகை செர்ட்பாட்டிலேயே இருக்கிறது. அதை ஓட்டி, வெற்றி என்று வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஆளை வைத்துச் செய்தால், அந்தத் திரையை உங்கள் எதிரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். காலாவதி ஆகப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு மெயில் அனுப்பும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் தேதியைக் கண்காணித்து எச்சரிக்கும் சேவை ஏதாவது ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழிலும் இனி "ஒரு வருடம்" என்ற பேச்சு செல்லாது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அதிகபட்சக் காலம் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். 47 நாளுக்கு ஒருமுறை கையால் ஃபைல் மாற்றுகிறேன் என்று சொல்கிறவரிடம் சர்வரை ஒப்படைத்தால், வருடத்தில் பல தீபாவளிகள் அப்படிப் போகும்.

எங்கள் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். வியாபாரத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எங்கள் பதில் அதுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். சான்றிதழ் யார் கொடுத்தது, எந்தத் தேதி என்பதற்கு அவர்கள் தயவு தேவையில்லை. வெளியாகும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. சிஆர்டி டாட் எஸ்எச் (crt.sh) தளத்தில் உங்கள் டொமைன் பெயரைத் தட்டினால் முழு வரலாறும் தேதியோடு வரும். புகாரோடு அந்தப் பக்கத்தையும் இணைத்துக் கொடுங்கள்.