நெட்வொர்க் தொடரா, ஸ்ட்ரீமிங் தொடரா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளர் தயாரிப்பாளராக உயரும் ஏணி ஒன்றுதான்: ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர் என்று போய் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசரில் முடியும். முதல் இரண்டு மூன்று படிகளை நெட்வொர்க்கில், அதாவது வழக்கமான ஒளிபரப்புச் சேனல்களில், ஏறுவதே நல்லது.

நெட்வொர்க்கில் முழு சீசன் என்றால் ஏறக்குறைய 22 எபிசோடு. ஒன்று எழுத்தில் இருக்கும்போதே இன்னொன்று படப்பிடிப்பில், வேறொன்று எடிட்டிங்கில் ஓடும். அதனால் எழுதியவரையே செட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறது. மழையால் வெளிப்புறக் காட்சி நின்றுபோனால், அதையே சமையலறைக்குள் நடப்பதாக உடனே மாற்றி எழுத வேண்டும். திருத்திய பக்கம் முதலில் நீலத் தாளில் வரும், அடுத்தது பிங்க், அப்புறம் மஞ்சள். யாராவது பழைய வெள்ளைத் தாளைப் பார்த்து வசனம் பேசினால் அந்த டேக் வீண். தயாரிப்பு வேலை பழகுவது இப்படித்தான்.

ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 8 அல்லது 10 எபிசோடு. கதையை நிதானமாகச் செதுக்கலாம், உண்மைதான். ஆனால் பல தொடர்களில் ஸ்கிரிப்ட் எல்லாம் முடிந்த பிறகே படப்பிடிப்பு. அதற்குள் எழுத்தாளரின் ஒப்பந்தம் முடிந்திருக்கும். பதவிப் பெயர் உயர்ந்தாலும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் இருக்காது. 2023-இல் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, சில எழுத்தாளர்களை மட்டும் வைத்துப் படப்பிடிப்புக்கு முன்பே ஸ்கிரிப்டை முடித்துவிடும் இந்த 'மினி ரூம்' வழக்கமும் ஒரு காரணம். வேலைநிறுத்தத்தை முடித்த 2023 உடன்பாட்டின்படி, 7 முதல் 12 எபிசோடு வரையான தொடருக்குப் பொதுவாக 5 எழுத்தாளர்களாவது வேண்டும். தொடர் முழுவதையும் ஒருவரே எழுதினால் மட்டும் விலக்கு.