மணிக்கட்டு நரம்பு அறுவைக்குப் பின் ஆறு வாரக் கைப்பயிற்சி: ஒரு தையற்கலைஞரின் மதிப்பீடு

உள்ளங்கையின் அடியில் மூன்று சென்டிமீட்டர் கீறல், அரை மணி நேரத்துக்கும் குறைவான அறுவை, அன்று மாலையே வீடு திரும்பல் என்று முடிந்துபோன ஒரு சிகிச்சைக்காக, அதன்பின் ஆறு வாரம் பிசியோதெரபிக்கு அலைய வேண்டுமா என்று என்னைப் பலர் கேட்டார்கள். மதுரையில் முப்பது ஆண்டுகளாகப் பெண்களுக்கான தையல் கடை நடத்தி வருகிறேன். வலது கையில் கார்பல் டன்னல் எனப்படும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு அறுவை செய்துகொண்டு, மூன்றாவது வாரத்திலிருந்து இங்குள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் கை இயன்முறைப் பிரிவுக்கு வாரம் இருமுறை வீதம் பன்னிரண்டு முறை சென்றேன். அந்தப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் தளமும் சுவருமாக அமைந்த ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. மேலே கெட்டியான தசைநார் ஒன்று கூரைபோல் மூடியிருக்கிறது. உள்ளே நெருக்கடி கூடினால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்கள் எனக்குப் பல. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. நரம்பின் மின்கடத்துதிறன் சோதனையில் பாதிப்பு கடுமை என்று வந்தது. கட்டைவிரலின் அடியில் உள்ள மேடும் வற்றத் தொடங்கியிருந்தது. அறுவை என்பது அந்தக் கூரைத் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பதுதான். அன்றிரவே உதறல் இல்லாமல் தூங்கினேன். அதற்காக அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குறை நேர்ந்தது அதற்குப் பிறகு. அறுவை செய்த இடத்தில் எனக்குக் கொடுத்த சீட்டில் மாத்திரைகளின் பெயரும் 'ஓய்வு' என்ற ஒரு சொல்லும்தான் இருந்தன. கையைத் தாங்கும் தொங்கல் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டு, கையை அசைக்க வேண்டாம் என்று ஓர் உதவியாளர் சொன்னார். நானும் பதினான்கு நாள் அப்படியே வைத்திருந்தேன். தையல் பிரித்த அன்று விரல்களை மடக்கிப் பார்த்தால் நுனிகள் உள்ளங்கையைத் தொடவில்லை, விரல்கள் வீங்கியிருந்தன, தோளும் இறுகியிருந்தது. முதல் நாளிலிருந்தே கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மணிக்கொரு முறை முழுவதுமாக மடக்கி நீட்டியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த அறுவைக்குத் தேதி குறித்திருக்கும் எவரும், தங்களுக்கு எந்த அளவு அசைவு அனுமதி என்று வீடு திரும்புவதற்கு முன்பே மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கைப்பிரிவில் முதல் நாள் முக்கால் மணி நேரம் சோதனையிலேயே கழிந்தது, அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. பிடிவலு அளக்கும் கருவியை இரு கைகளிலும் மும்முறை அழுத்தச் சொன்னார்கள்: இடது 21 கிலோ, வலது 9 கிலோ. ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொட்டு, அவை இரண்டாகத் தெரிகின்றனவா என்று பார்த்தார்கள். நலமான விரலுக்கு முனைகளின் இடைவெளி ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தாலே இரண்டு எனத் தெரியும். எனக்குப் பத்து மில்லிமீட்டர் தேவைப்பட்டது. பிறகு அங்கிருந்த இயன்முறை மருத்துவர், என் மகள் வயதுப் பெண், "அம்மா, கடையில இந்தக் கையால நீங்க என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கத்தரி பிடித்து நான்கு மடிப்புத் துணி வெட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, கொக்கி வைத்துத் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பாபின் மாற்றுவது என்று சொன்னேன். அதற்குப் பின் வந்த பயிற்சிகள் அனைத்தும் அந்தப் பட்டியலிலிருந்தே பிறந்தன. மூட்டுவலிக்காக நான் முன்பு சென்ற வேறு இரண்டு இடங்களில் என் தொழில் என்ன என்றுகூட எவரும் கேட்டதில்லை.

ஆனால் இரண்டாவது நாள் எனக்கு மனக்குறையோடுதான் முடிந்தது. அந்த மருத்துவர் விடுப்பில் இருந்தார். பயிற்சி மாணவர் ஒருவர் நேராக மெழுகுக் குளியலுக்கு என் கையைக் கொண்டுபோனார். உருக்கிய மெழுகின் சூடு ஐம்பது டிகிரிக்கு மேல் இருக்கும். மரத்துப்போன விரலுக்கு அந்தச் சூடு சரியாகத் தெரியாது. சர்க்கரை நோயாளிக்கு அதில் கொப்புளம் எழுந்தால் ஆற நாளாகும். எனக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை என்றாலும், முதல் நாள் எடுத்த உணர்ச்சிக் குறிப்பைப் பார்க்காமல் சூடு வைத்தது தவறு. அடுத்த முறை அந்த மருத்துவரிடம் சொன்னேன். அவர் மறைக்கவோ மழுப்பவோ செய்யாமல் வருத்தம் தெரிவித்து, என் கோப்பின் மேல் சிவப்பு மையில் 'சூடு கூடாது' என்று எழுதினார்; கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடும்போதும் இடது கையால் சோதித்துவிட்டுத் தொடுங்கள் என்றார்.

பயிற்சிகளில் மிகுதியாகப் பலன் தந்தது தசைநாண் வழுக்கும் பயிற்சி. விரல்களை நேராக நீட்டி, பின் கொக்கிபோல் மடக்கி, பின் முழு முட்டி, பின் அடிக்கணுவில் மட்டும் மடித்து மேசைபோல், இறுதியாக நுனிகளை நீட்டியபடியே உள்ளங்கையைத் தொடுதல் என்று ஐந்து நிலைகள். ஒவ்வொன்றும் தசைநாண்களை வெவ்வேறு தூரம் நகர்த்துவதால் அவை தழும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். இரண்டு வாரத்தில் முட்டி முழுதாக மூடியது. வலுப்பயிற்சியை ஆறாவது வாரத்துக்கு முன் தொடங்க அவர் விடவில்லை. மணிக்கட்டை மடித்த நிலையில் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். கூரை வெட்டப்பட்டு ஆறிவரும் காலத்தில் தசைநாண்கள் முன்னோக்கித் துருத்தும் என்பது காரணம். வலுப்பயிற்சிக்காகக் கையால் பிசையும் களிமண் போன்ற பசையை அங்கேயே விற்கிறார்கள். ஆனால் அதை வாங்கச் சொல்லாமல், சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து கிள்ளிப் பழகச் சொன்னார். ஒரு சேவையின் நேர்மையை நான் அளப்பது இதுபோன்ற இடங்களில்தான்.

உணர்ச்சியைத் திரும்பப் பழக்கும் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணத்தில் அரிசி, ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் கேழ்வரகு. கண்ணை மூடிக் கையை விட்டு எது எது என்று சொல்ல வேண்டும். பிறகு என் கடையிலிருந்தே பொத்தான்களையும் கொக்கிகளையும் கொண்டுவரச் சொல்லி, அரிசிக்குள் புதைத்து, பார்க்காமல் எடுக்கச் சொன்னார். முதல் வாரம் இரண்டு துளைப் பொத்தானுக்கும் நான்கு துளைப் பொத்தானுக்கும் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக இருட்டிலும் தெரிந்த ஒன்று தெரியாமல் போனதில் அங்கேயே எனக்குக் கண் கலங்கியது. அவர் அவசரப்படுத்தவில்லை, தவறாகச் சொன்ன பொத்தானைக் கண் திறந்து பார்த்தபடியே ஒருமுறை, மூடியபடி ஒருமுறை என்று மாற்றி மாற்றித் தொடச் செய்தார்.

தழும்புக்கு, காயம் முழுதாக மூடிய பின் தேங்காய் எண்ணெய் தொட்டு நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நிமிடம், தோல் வெளுக்கும் அளவு அழுத்தி வட்டமாகத் தேய்க்கச் சொன்னார்கள். தழும்பின் மேல் ஒட்டும் சிலிகோன் தாளும் வாங்கினேன். மதுரை வெயிலில் அதன் அடியில் வியர்த்து அரிக்கிறது. இரவில் மட்டும் ஒட்டிக்கொண்டு, காலையில் கழுவி உலர்த்தி வைத்தால் தாங்கலாம். தழும்பைவிட என்னைக் கவலைப்படுத்தியது, உள்ளங்கை அடியின் இரு பக்கமும் ஊன்றினால் எழும் வலி. தரையிலிருந்து கையூன்றி எழ முடியவில்லை, கத்தரியின் பிடி பட்டால் உயிர் போனது. அறுவை தோற்றுவிட்டதோ என்று பயந்த என்னிடம், தசைநார் பற்றியிருந்த இரு கரைகளும் புதிய அமைப்புக்குப் பழகும்வரை வரும் வலி இது, பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும் என்று எலும்புக் கூட்டின் படத்தை வைத்து விளக்கினார். கத்தரிப் பிடியில் பழைய வெல்வெட் துணியைச் சுற்றிக்கொண்டேன். நான்காவது மாதம் அந்த வலி பெருமளவு தணிந்தது.

விரல் நுனிகள் எப்போது தெளியும் என்று கேட்டதற்கு, நரம்பின் இழைகளே பழுதாகியிருந்தால் அவை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வளரும் என்றார். வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்து மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிவரை அளந்தேன்: ஆறரை அங்குலம். எத்தனை பேருடைய மேனிக்கு நாடா பிடித்தவள் நான். என் நோய்க்கான காலத்தை அதே நாடாவில் பார்த்த பிறகு எனக்குப் பொறுமை வந்தது.

கட்டணம் முறைக்கு 350 ரூபாய்; பன்னிரண்டு முறைக்கு 4,200 ரூபாய். அங்கே கிடைத்த கவனத்துக்கு அது மிகையன்று. காத்திருப்புதான் பெருங்குறை. பத்து மணி என்று சொன்னால் பதினொன்றாகும். கடையை மூடிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் கூலிதான். பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகியிருக்கிறது. நான் கேட்டதால் தமிழில் கையால் எழுதித் தந்தார்கள். கேட்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் அதே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன், அது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லோரும் இப்படிச் செல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு இந்த அறுவைக்குப் பிந்தைய பயிற்சிகளைப் பற்றி வெளியிட்ட தொகுப்பு, 2016இல் புதுப்பிக்கப்பட்டபோதும், அவற்றின் பலனுக்கான சான்றுகள் குறைவு, தரத்திலும் தாழ்ந்தவை என்றே கூறியது. விரல்கள் இலகுவாக மடங்கி, மரப்பும் விலகி வருபவருக்கு வீட்டுப் பயிற்சியே போதுமாக இருக்கலாம். விரல் இறுகிவிட்டவர்கள், கட்டைவிரல் மேடு வற்றியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், என்னைப்போல் விரல் நுனியை வைத்துப் பிழைப்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பிரிவைத் தயங்காமல் சொல்வேன். முதல் நாளே உணர்ச்சிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சூடு வைக்க வந்தால் அதன் முடிவைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஐந்தாவது மாதம். வலது கைப் பிடிவலு 18 கிலோ. இரண்டு முனைகள் ஏழு மில்லிமீட்டரில் தெரிகின்றன. ஊசியில் நூல் கோக்கிறேன், ரவிக்கை வெட்டுகிறேன். துணிக்கு அடியில் விட்டுக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொக்கி பிடிக்க மட்டும் இன்னும் என் உதவியாளர் வேண்டியிருக்கிறது. இடது கைக்கும் அறுவை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்; தீபாவளித் தையல் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அறுவைக்கு அடுத்த நாளுக்கே அந்தப் பெண்ணிடம் நேரம் கேட்டு வைத்துவிட்டேன்.