வெளிநாட்டு விருந்தினருக்கு ஒட்டுவேட்டி வாங்கலாமா?

முகூர்த்தத்துக்கு வெளிநாட்டு நண்பர் வருகிறார் என்றால், அவருக்குக் கட்டத் தெரியாத வேட்டியைவிட ஒட்டுவேட்டி எவ்வளவோ மேல். நாலு முழம், அதாவது சுமார் 2 மீட்டர். இடுப்பில் வெல்க்ரோ பட்டை, செல்போனுக்கு ஒரு பை. ஒரே நிமிடத்தில் தயார்.

சிக்கல் உட்காரும்போதுதான். தரையில் சம்மணம் போட்டதும் வயிறு முன்தள்ளும். பட்டை ஓரத்திலிருந்து ‘சர்’ரென்று பிரியும். வேட்டி பெல்ட்டும் சேர்த்தே வாங்குங்கள், சட்டை மறைத்துவிடும். இடுப்பளவை பேன்ட் லேபிளைப் பார்த்துச் சொல்லாமல், தொப்புளுக்கு நேரே டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். ஆறடிக்காரர் என்றால் அங்கிருந்து தரைவரை அளந்து துணியின் அகலத்தோடு ஒப்பிடுவது நல்லது. இடுப்புத் தையலும் கொஞ்சம் தின்றுவிடும்.

புதுத்துணி கஞ்சியால் கூடாரம்போல விரிந்து நிற்கும். ஒருமுறை அலசி, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டால் அடங்கும். அலசும்போது பட்டையை ஒட்டியே வையுங்கள். இல்லாவிட்டால் வெல்க்ரோவின் முள் சரிகையை இழுத்துவிடும். வெள்ளைத் துணி வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும், உள்ளே வெளிர்நிற அரைக்கால் சட்டை கட்டாயம்.

பாதி நாளில் ஆர்வக்கோளாறில் மடித்துக் கட்டப் பார்ப்பார். ஒட்டுவேட்டி அதற்குத் தோதில்லை. பெரியவர்கள் முன்னால் அது மரியாதையும் இல்லை.