ஏஇ-5 பிளஸ் சவுண்ட் கார்டு: கேமில் ஃப்ரேம் ஏறுமா?

ஏறாது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5 பிளஸ் நல்ல கார்டுதான். ஆனால் ஃப்ரேம் (ஒரு வினாடியில் திரைக்கு வரும் படங்கள்) கூடி கேம் வேகமாக ஓடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த நம்பிக்கை காற்றில் வந்ததல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதில் உண்மை இருந்தது. துப்பாக்கிச் சத்தம், காலடி, எதிரொலி என்று வரும் ஒலிகளையெல்லாம் கலந்து கொடுக்கும் வேலையை, விண்டோஸின் ஒலிப் பாதையான டைரக்ட்சவுண்ட் வழியாகக் கார்டின் சிப்பே வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கோர் ப்ராசஸருக்கு அது பெரிய பாரம் இறங்கின மாதிரி. 2005இல் வந்த எக்ஸ்-ஃபை கார்டுகளுக்குப் பெயர் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பையே மாற்றியிருந்தது. டைரக்ட்சவுண்டிலிருந்து சிப்புக்குப் போன நேர்வழி அதோடு அடைபட்டது. இன்றைய கேம்கள் வைஸ், எஃப்மாட் போன்ற ஒலி எஞ்சின்களைக் கொண்டு எல்லாவற்றையும் ப்ராசஸரிலேயே கலந்துவிடுகின்றன. பல கோர் ப்ராசஸருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கார்டுக்கு வந்து சேர்வது கலந்து முடித்த ஒலி. பெரும்பாலும் அதை அனலாகாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்புவதுதான் அதற்கு மிச்சமிருக்கும் வேலை.

நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் விசிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, ஒரே காட்சியை 60 வினாடி வீதம் மூன்று முறை கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற ஃப்ரேம் அளக்கும் கருவியில் பதிவு செய்யுங்கள். பிறகு கார்டைப் பொருத்தி, மதர்போர்டு ஒலியை பயோஸில் அணைத்து, அதே அளவீட்டைத் திரும்ப எடுங்கள். கிடைக்கும் வித்தியாசம், ஒரே அமைப்பில் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே தானாக வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஒலி டிரைவர் கெட்டுப்போய் விண்டோஸை அடிக்கடி காக்க வைத்தால் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும், படமும் திக்கும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிவிடும். டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்குப் புதுக் கார்டு வேண்டாம். சவுண்ட் கார்டின் டிரைவரே இந்தத் தொல்லையைக் கொண்டுவருவதும் நடக்கிறது.

அப்படியானால் கார்டின் பயன் எங்கே? ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில். ஏஇ-5 பிளஸின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஒலி வெளியேறும் ஜாக்கின் மின்தடை) 1 ஓம். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத மதர்போர்டு ஜாக்குகளில் இது பல பத்து ஓம்களாக இருப்பதுண்டு. அங்கே செருகினால் சில ஹெட்போன்களில் பேஸ் வீங்கி, காலடிச் சத்தம் அதில் மூழ்கிப்போகும். 250, 300 ஓம் ஹெட்போன்களில் சிக்கல் வேறு: வால்யூமை முழுக்க ஏற்றினாலும் ஒலி போதாது. இந்தக் கார்டு 600 ஓம் வரை தாங்கும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 122 டெசிபெல்லை (ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) பார்த்து மயங்க வேண்டாம். நல்ல மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 சிப்புக்கே 120 டெசிபெல் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு டெசிபெல்லைக் காது பிரித்தறியாது. சிப்பைச் சுற்றியுள்ள சர்க்யூட் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் கேட்கும் ஒலியைத் தீர்மானிக்கிறது.

மவுஸை நகர்த்தும்போது ஹெட்போனில் கிர்ரென்ற இரைச்சல் வருகிறதா? கார்டு வாங்குமுன் ஹெட்போனைப் பின்பக்க ஜாக்கில் மாற்றிச் செருகுங்கள். முன்பக்க ஜாக்குக்குப் போகும் வயர் கேபினெட்டின் நீளம் முழுக்கக் கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டிப் போவதால் இரைச்சலை வாரிக்கொள்ளும். பின்பக்கத்தில் இரைச்சல் இல்லையென்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' என்ற ஹம் வேறு ரகம். அது பெரும்பாலும் எர்த் இணைப்புகளுக்கு நடுவே உண்டாவது. கார்டும் அதே பவர் சப்ளையில்தான் நிற்கிறது, அதனால் கார்டை மாற்றினாலும் அனலாக் வயரில் ஹம் பெரும்பாலும் போகாது. ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வயர் அந்த மின் இணைப்பை அறுத்துவிடும்.

ஆப்டிகல் வழியாக அமுக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். பழைய ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு கேமின் 5.1 (ஆறு சேனல்) ஒலி வேண்டுமானால், அதை உடனுக்குடன் அமுக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ் தேவை. ஏஇ-5 பிளஸில் அது இருக்கிறது. அமுக்கி அனுப்புவதால் சிறு தாமதம் சேரும், போட்டி ஆட்டங்களுக்கு ஒத்துவராது. ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டே அந்த வேலையைச் செய்துவிடும்.

யுஎஸ்பி ஹெட்செட், வயர்லெஸ் டாங்கிள், ப்ளூடூத் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஒலியை மாற்றும் சிப் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது; கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

பொருத்துவதில் இடம்தான் முதல் தலைவலி. மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராஃபிக்ஸ் கார்டு, இந்தக் கார்டைச் செருகும் சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டை மூடிவிடலாம். கீழே இருக்கும் எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இது வேலை செய்யும், ஆனால் சில மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் எஸ்எஸ்டி செருகும் ஒரு எம்.2 இடமும் ஒரே லேன்களை (தரவுப் பாதைகளை) பகிர்ந்துகொள்ளும். கையேட்டைப் பார்க்காமல் செருகினால் எஸ்எஸ்டி காணாமல் போகலாம். கிராஃபிக்ஸ் கார்டின் மின்விசிறியை மறைக்கும்படி வைத்தால் சூடு ஏறி, ஏறாத ஃப்ரேம் இறங்கவும் கூடும். பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் இணைப்பு வண்ண விளக்குக்குத்தான். முன்பக்க ஜாக் வேண்டுமானால் அதன் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் மாட்ட வேண்டும். நீளம் எட்டாமல் போவது சகஜம்.

மென்பொருளில் எதிரியின் சத்தத்தைத் தூக்கிக் காட்டும் ஸ்கவுட் மோட் உண்டு. மெல்லிய ஒலிகளை உயர்த்துவதில் கெட்டிக்காரத்தனம், தூரத்தைக் கணிப்பதில் குழப்பம். இதற்கு நெருக்கமானதை ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற கேம்களில் ஹெட்போனுக்கான திசை ஒலி உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கினால் ஹெட்போனில் சுற்றொலி போலக் காட்டும் கார்டின் விர்ச்சுவல் 7.1ஐயும் விண்டோஸின் ஸ்பேஷியல் ஒலியையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கேமின் திசை ஒலியோடு இவையும் சேர்ந்தால் முன்னால் வருபவன் பின்னால் கேட்பான்.

250 ஓம் ஹெட்போனோ 5.1 அனலாக் ஸ்பீக்கரோ இருந்தால் ஏஇ-5 பிளஸ் வாங்கலாம். ஹெட்போன் மட்டும்தான் என்றால் யுஎஸ்பியில் இணைக்கும் வெளி டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் சிறு கருவி) எங்கள் தேர்வு: ஸ்லாட் வேண்டாம், கேபினெட்டுக்குள் இருக்கும் இரைச்சலுக்கும் தூரம், லேப்டாப்பிலும் செருகலாம். எதை வாங்கினாலும் விண்டோஸ் ஒலி அமைப்பில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்போதெல்லாம் விண்டோஸ் இயல்பு ஒலிச் சாதனத்தை மானிட்டருக்கு மாற்றிவிடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.